வாகன விபத்தில் முதுகெலும்பு முறிவு: சென்னையில் இழப்பீடு கேட்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் தம்பி தண்ணீர் கேன் போடுகிறவன். இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுவான். ஒரு நாள் இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது பின்னால் வந்த சரக்கு வேன் இடித்து, அவனுடைய முதல் இடுப்பு முள்ளெலும்பு நொறுங்கியது. கம்பியும் திருகாணியும் வைத்து நிமிர்த்தினார்கள். அப்போது அவனுக்கு வயது 32.

அதிலிருந்து மருத்துவமனை வராந்தாக்களிலும், உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்து விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும் நிறைய நாட்களைக் கழித்துவிட்டேன். நான் வழக்கறிஞர் அல்ல, கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். ஆனாலும் யார் வீட்டில் விபத்து என்றாலும் எங்கள் தெருவில் என்னைத் தேடி வருகிறார்கள். அவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் இங்கே இருக்கின்றன. வழக்கை நடத்த வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது.

விபத்து நடந்த இடத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தூக்காதீர்கள். நம் ஊரில் யாராவது விழுந்தால் ஐந்தே நிமிடத்தில் நான்கு பேர் ஓடிவந்து, கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துவிடுவார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் உடைந்த முள்ளெலும்பு அப்படி மடங்கும்போதுதான் உள்ளே போகும் தண்டுவடத்தை நசுக்குகிறது. 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தலைக்கவசத்தை இழுத்துக் கழற்ற வேண்டாம். நகர்த்தியே ஆக வேண்டிய ஆபத்து என்றால், தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்படி மரக்கட்டையை உருட்டுவதுபோல் உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும்.

உதவிக்கு வந்தவர்கள் போலீசுக்குப் பயப்படத் தேவையில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படி அவர்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

நடக்க முடிகிறது, வலி மட்டும்தான். முறிவாக இருக்குமா?

இருக்கலாம். முதுகெலும்பில் 33 முள்ளெலும்புகள் உண்டு. மார்புப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சேரும் இடம்தான் விபத்துகளில் அதிகம் உடைகிறது. விறைப்பான மேல்பாகமும் வளையும் கீழ்பாகமும் அங்கேதான் சந்திக்கின்றன. தண்டுவடமும் ஏறத்தாழ அங்கேயே முடிந்து, அதற்குக் கீழே நரம்புக் கொத்தாகப் பிரிந்து போகிறது. எலும்பின் முன்பக்கம் மட்டும் அமுங்கியிருந்தால் ஆள் எழுந்து நடந்து வீட்டுக்கே போய்விடுவார். தைலம் தேய்த்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுவார்.

கால் மரத்துப்போதல், உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைதல், சிறுநீர் வராமல் அடைத்தல் அல்லது தன்னையறியாமல் போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாதது சிடி ஸ்கேனில் தெரியும். நரம்பும் தண்டுவடமும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க எம்ஆர்ஐ வேண்டும்.

கையொடிந்தால் கட்டு தெரியும். முதுகு முறிந்தவர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதுவுமே தெரியாது. அந்தக் குறையை நிரப்பக் காகிதம்தான் இருக்கிறது. கீழே நான் சொல்லப்போவதில் பாதி இதைப் பற்றியதுதான்.

பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். வேகத்தடையில் தூக்கிப் போட்டு இடுப்பு முள்ளெலும்பு அமுங்கிவிட்டது. எதுவும் மோதவில்லையே, இதற்கு இழப்பீடு உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியை நான் நான்கைந்து முறை கேட்டுவிட்டேன், எல்லாருமே ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் இருக்கை அது. பஸ் வேகம் குறையாமல் வேகத்தடை ஏறினால் அங்கே இருப்பவர் அரை அடி எழும்பி, உட்கார்ந்த நிலையிலேயே விழுவார். மொத்த எடையும் நேராக முதுகெலும்பின் மேல் இறங்கும். மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த பெண்களுக்கு அது ஒன்றே போதும்.

வாகனத்தின் பயன்பாட்டால் நேர்ந்த காயத்துக்கு இழப்பீடு என்றுதான் சட்டம் சொல்கிறது. இரண்டு வண்டி மோத வேண்டும் என்று அதில் இல்லை. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும், அதில்தான் சிக்கல் வரும். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பஸ்ஸின் பதிவு எண், தடம் எண், நேரம் மூன்றையும் உடனே எழுதிவையுங்கள். நடத்துநரிடம் அங்கேயே சொல்லுங்கள். பக்கத்தில் இருந்தவரின் கைப்பேசி எண்ணை வாங்குங்கள். “வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும்” என்று இறங்கிப் போய், பத்து நாள் கழித்து மருத்துவமனைக்குப் போனவருடைய மனு தள்ளாடத்தான் செய்யும்.

கையில் பணமில்லை. சிகிச்சை கிடைக்குமா?

கிடைக்கும். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதன்படி பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025-ல் அறிவித்த திட்டத்தில் விபத்து நாளிலிருந்து ஏழு நாள்வரை 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குக் கட்டணமில்லா சிகிச்சை பெற வழி உண்டு.

செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். இடுப்புப் பட்டை, டயப்பர், தண்ணீர் மெத்தை, ஆட்டோ எல்லாம் கணக்கில் சேரும்.

காவல் நிலையத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமா?

அதற்கு முன்னால் மருத்துவமனையில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். விபத்தில் அடிபட்டு வருபவரைப் பற்றி அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் எழுதும் பதிவுக்கு விபத்துப் பதிவேடு என்று பெயர். நீதிமன்றத்தில் எல்லாரும் அதன் நகலை ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். வழக்கின் அஸ்திவாரம் அதுதான். தம்பியைக் கொண்டுபோனவர் யாரோ வழிப்போக்கர். பதறிப்போய் “வண்டியிலிருந்து விழுந்துட்டார்” என்று சொல்லியிருக்கிறார். பணியில் இருந்தவர் அதை அப்படியே “தவறி விழுந்ததாக” என்று எழுதிவிட்டார். அந்த இரண்டு சொல்லைச் சரிக்கட்ட எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர் ஒவ்வொரு வாய்தாவிலும் அதைத்தான் தூக்கிக் காட்டினார்.

நினைவு தெளிந்த உடனே, எந்த வண்டி எந்தப் பக்கத்திலிருந்து மோதியது என்பதைக் காயமடைந்தவரே வாக்குமூலமாகச் சொல்ல வேண்டும். சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் உங்களுக்கு இலவசம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த விபத்தென்றால் அதில், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள் இருக்கும். அதற்கு முந்தைய வழக்குகளில் 279, 337, 338 என்று பழைய எண்கள் இருக்கும். எண் மாறியிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு தானாகச் செத்துவிடாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். இங்கே எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்ப்பார்கள்.

எவ்வளவு நாளுக்குள், எங்கே மனு போட வேண்டும்?

ஆறு மாதத்துக்குள். 2019 திருத்தத்தில் சேர்த்த இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கின்றன. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். சிகிச்சை முடிய வேண்டும், கம்பி எடுக்க வேண்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். மனுவைப் போட்டுவிட்டு ஆவணங்களைப் பிறகு சேர்க்கலாம்.

விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் என மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். விழுப்புரம் அருகே அடிபட்ட வியாசர்பாடிக்காரர் சென்னையிலேயே வழக்கு நடத்தலாம்.

இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். யார் தவறு என்று பார்க்காமலே 2.5 லட்சம் தருகிறார்களாம். வாங்கிக்கொள்ளலாமா?

முதுகெலும்பு முறிவென்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ம் பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் மரணத்துக்கு 5 லட்சமும், தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே கிடைக்கும். ஆனால் அந்தத் தொகையை ஏற்றுக்கொண்டால் 166-ம் பிரிவின் கீழ், அதாவது எதிர்த்தரப்பின் தவறைக் காட்டி முழு இழப்பீடு கேட்டுப் போட்ட மனு காலாவதியாகிவிடும். விரல் முறிந்தவருக்கு அது நல்ல தொகைதான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு அது ஒரு வருடப் பராமரிப்புக்குக்கூட வராது. பணத்தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து வருகிறார்களே என்று எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, எவ்வளவுதான் கிடைக்கும்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரே தொகையாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். கணக்கு எப்படிப் போகிறது என்று காட்டுகிறேன், என் தொழில் அதுதானே.

தம்பியின் மாத வருமானம் 18,000. சொந்தத் தொழில் செய்பவருக்கோ நிலையான சம்பளத்தில் இருப்பவருக்கோ, வயது 40-க்குக் கீழ் இருந்தால், எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பு. ஆக 25,200. ஆண்டுக்கு 3,02,400. வயதுக்குத் தகுந்த பெருக்கல் எண்ணை 2009-ல் சரளா வர்மா தீர்ப்பு வகுத்தது. 31 முதல் 35 வயதுக்கு அது 16. பெருக்கினால் 48,38,400 ரூபாய். சம்பாதிக்கும் திறன் முழுவதுமாகப் போனால் இந்தத் தொகை.

இப்போதுதான் சண்டை தொடங்குகிறது. மருத்துவக் குழு அவனுக்குக் கொடுத்த நிரந்தர ஊனம் 40 சதவீதம். இன்சூரன்ஸ் தரப்பு 48,38,400-ல் 40 சதவீதம், அதாவது 19,35,360 என்கிறது. எங்கள் வழக்கறிஞர் 2010-ல் வந்த ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பைக் காட்டுகிறார். உடலின் ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதே முறிவு எனக்கு வந்திருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன். எடை தூக்குவதே பிழைப்பாக இருந்தவனுக்கு 40 என்பது நூறுக்குப் பக்கத்தில் போகும். ஆகவே வழக்கறிஞரிடம் சதவீதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அடிபட்டவர் காலையிலிருந்து இரவுவரை என்ன வேலை செய்தார் என்று விரிவாகச் சொல்லுங்கள். எத்தனை கேன், எத்தனை மாடி என்றுகூட எழுதிக் கொடுத்தோம்.

இதற்கு மேல் மருத்துவச் செலவு, இனி ஆகப்போகும் மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், உடனிருந்து பார்த்துக்கொள்பவருக்கான செலவு, சத்துணவு, போக்குவரத்து, வலி வேதனை, வாழ்க்கையின் சுகங்களை இழந்தது, திருமண வாய்ப்பு என்று தனித்தனித் தலைப்புகள் உண்டு. இரு காலும் செயலிழந்தவருக்கு ஆயுள் முழுவதும் ஆள் வேண்டும். 2020-ல் காஜல் எதிர் ஜகதீஷ் சந்த் வழக்கில் அந்தப் பராமரிப்புச் செலவையும் பெருக்கல் எண் வைத்தே உச்ச நீதிமன்றம் கணக்கிட்டது. மனைவியோ அம்மாவோ பார்த்துக்கொள்கிறார், சம்பளம் கொடுக்கவில்லையே என்று அந்தத் தலைப்பை விட்டுவிடாதீர்கள்.

சம்பளச் சீட்டே இல்லையே, வருமானத்தை எப்படிக் காட்டுவது?

முதலாளியை நேரில் சாட்சி சொல்ல வைப்பது நல்லது. கேன் போட்ட வீடுகளின் கணக்கு நோட்டு, கைப்பேசியில் வந்த பணப் பரிமாற்றங்களின் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் உதவும். ஒன்றுமே இல்லாவிட்டால் நீதிமன்றம் தானாக ஒரு வருமானத்தை அனுமானித்துக்கொள்ளும். இல்லத்தரசிக்கும் அப்படி வருமானம் நிர்ணயிக்க வேண்டும் என்பது சட்டம்.

தலைக்கவசம் போடவில்லை, மூன்று பேராகப் போனோம், உரிமம் இல்லை. வழக்கே போய்விடுமா?

போகாது. உங்கள் பக்கமும் கவனக்குறைவு இருந்து, அது விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்தால், அந்த அளவுக்குத் தொகை குறையும். மூன்று பேர் போனது விபத்துக்குக் காரணமாக இல்லாவிட்டால் அதற்காக மட்டும் குறைக்கக் கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலைக்கவசம் போடாததற்கும் இடுப்பு முள்ளெலும்பு முறிந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

மோதிய வண்டியின் ஓட்டுநருக்கு உரிமம் இல்லை என்றால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகும். கவனிக்க வேண்டியது இன்னொன்று: நண்பருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து போய், தவறும் நண்பருடையது என்றால், அவருடைய காப்பீடு வெறும் மூன்றாம் நபர் காப்பீடாக இருக்கும்பட்சத்தில் அதில் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை.

மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டான். வண்டி எண் தெரியாது.

கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் என அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. வருவாய்த் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். முதுகெலும்பு முறிவுக்கு ஐம்பதாயிரம் என்ன காணும்? ஆகவே வண்டியைக் கண்டுபிடிப்பதில்தான் உழைப்பைப் போட வேண்டும். கடைகளின் கண்காணிப்புக் கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்து, புதியது ஏறிவிடும். வீட்டில் ஒருவர் மறுநாள் காலையே அந்தச் சாலையில் கடை கடையாகப் போய்க் கேட்க வேண்டும். எங்கள் வேனின் எண்ணை ஒரு டீக்கடைக் கேமராதான் காட்டிக் கொடுத்தது.

மாநகரப் பேருந்து மோதினால் எந்த இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும்?

பெரும்பாலும் போக்குவரத்துக் கழகமே நேரடியாகக் கொடுக்க வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது. தீர்ப்பாகியும் பணம் வராவிட்டால், தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட வேண்டும். ‘அரசு பஸ் ஜப்தி’ என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோமே, அது இந்தக் கட்டத்தில் நடப்பதுதான்.

வழக்கறிஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மருத்துவமனை வாசலில் உங்களைத் தேடி வந்தவரை விட்டுவிடுங்கள். வழக்கறிஞர்கள் வழக்குப் பிடிக்க ஆள் அனுப்புவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதையும் அவை தடுக்கின்றன. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தாலும், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் ஆவணங்களை நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள். வங்கிப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் உங்களிடமே இருக்கட்டும்.

தண்டுவடக் காய வழக்குகள் எத்தனை நடத்தியிருக்கிறார், சிகிச்சை அளித்த மருத்துவரைச் சாட்சியாகக் கூப்பிடுவாரா என்று கேளுங்கள். “மருத்துவர் எதற்கு, சான்றிதழே போதும்” என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். பணம் இல்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், உதவி எண் 15100. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.

லோக் அதாலத்தில் முடித்துக்கொள்ளலாமா?

இரு தரப்பும் பேசி ஒத்துப்போகும் மக்கள் நீதிமன்றம் அது, விரைவாக முடியும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. அறுவை சிகிச்சை முடிந்து, ஊனம் எவ்வளவு என்று நிலைத்த பிறகு போங்கள்.

தீர்ப்பு வந்தால் உடனே பணம் வருமா?

எதிர்த்தரப்பு 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். தொகை குறைவென்று நீங்களும் போகலாம். மனு போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, தமிழ்நாட்டில் 7.5 சதவீதம் வழங்குவது வழக்கம். பெரிய தொகையில் ஒரு பகுதியை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடச் சொல்வார்கள். கையில் வந்ததும் சொந்தக்காரர்கள் கூடிவிடுவதைப் பார்த்தவள் என்பதால் அந்த உத்தரவு எனக்குப் பிடிக்கும்.

வீட்டில் பராமரிக்கும்போது வழக்குக்காக எதையாவது கவனிக்க வேண்டுமா?

முதலில் ஆளைக் கவனியுங்கள். உணர்ச்சி இல்லாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். சிறுநீர்க் குழாயில் கிருமியும் சேரக்கூடும். முதுகு முறிந்தவர்களை இந்த இரண்டும்தான் பிறகு மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப இழுக்கின்றன. கே.கே. நகரில் இருக்கும் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் இயன்முறை சிகிச்சையும், சக்கர நாற்காலிப் பயிற்சியும் கிடைக்கும். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, என்றைக்கு என்ன செய்தீர்கள், யார் உடனிருந்தார்கள் என்று தேதியோடு இரண்டு வரி எழுதுங்கள். மூன்று வருடம் கழித்துக் கூண்டில் ஏறும்போது நினைவு கைகொடுக்காது, நோட்டு கொடுக்கும்.

வழக்கு முடிவதற்குள் வேலைக்குப் போனால் தொகை குறைந்துவிடுமா? வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார்கள்.

எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. முப்பது வயதுப் பிள்ளையைத் தொகைக்காகச் சுவரைப் பார்த்து உட்கார வைக்க முடியுமா? தம்பி இப்போது அதே தண்ணீர் கடையில் தொலைபேசியில் ஆர்டர் எடுக்கிறான், மாதம் 9,000. அதை மறைக்காமல் சம்பள வவுச்சரோடு தாக்கல் செய்தோம். முன்பு 18,000, இப்போது 9,000 என்பதே இழப்புக்குச் சான்று என்றார் எங்கள் வழக்கறிஞர்.

குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர், “அதே கடையில்தானே இப்போதும் வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டார். “ஆமாம் சார், அன்றைக்குக் கேனைத் தூக்கினேன், இன்றைக்கு எண்ணுகிறேன்” என்றான். நீதிபதி நிமிர்ந்து பார்த்துவிட்டு அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார். அடுத்த வாய்தா ஜூன் மாதம்.